பைகளுக்குக் காவல்

மேடவாக்கத்தில் ஒரு பதினாலு மாடிக் குடியிருப்பைப் பதினோரு வருடமாகப் பெருக்குகிறவள் கிளியம்மாள். மொட்டைமாடிக்குப் போகிற நாட்களில் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுக் கிழக்கே பார்ப்பாள். கடல் பென்சில் கோடு மாதிரி கிடக்கும். மெரினாவுக்குப் போனதுண்டு, கூட்டத்தில் பிள்ளைகளின் கையை விடாமல் பிடித்திருந்ததுதான் ஞாபகம். கடலை நின்று பார்த்ததில்லை.

குடியிருப்புச் சங்கம் கடலோரப் பறவைக் காப்பிடத்துக்கும் அதற்குள் இருந்த இடிந்த கோட்டைக்கும் வேன் வைத்தபோது, எல்லோரையும் போலப் பங்கு கொடுத்துப் பெயர் எழுதினாள்.

வாசலில் வனக்காவலர் மறித்தார். பிளாஸ்டிக் உள்ளே போகக்கூடாது. எலுமிச்சை சாதம், தயிர் சாதம், சிப்ஸ் எல்லாமே பிளாஸ்டிக் கவரில்தான். வேன் டீசல் போடப் போயிருந்ததால் பைகளைப் புங்க மரத்தடியில் இறக்கினார்கள். படுத்திருந்த நாலு நாய்கள் எழுந்து உட்கார்ந்தன. வேனில் வந்த மற்ற பன்னிரண்டு பேரும் கிளியம்மாளைப் பார்த்தார்கள்.

"கிளி, நீ இங்கயே இரும்மா. அரை மணியில வந்துடறோம்" என்றார் செயலாளர் வைத்தீஸ்வரன்.

"நான் இன்னாத்துக்கு சார் இருக்கணும்?"

"நாய் இருக்கே. யாராவது பாத்துக்கணும் இல்ல?"

"அந்த யாராவது நீங்களா இருங்களேன்."

மூன்றாம் மாடி ஹேமாவதி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். வைத்தீஸ்வரன் முகம் சிவந்தது. "வேலைன்னு வந்துட்டா..."

"இன்னிக்கி எனக்கு லீவு சார். நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க?"

சொல்லிவிட்டு நடந்தாள். நாளைக்கு வேலை இருக்குமோ என்று நினைத்தாள். கால் நிற்கவில்லை. காவலுக்கு நிற்க ஆளில்லாமல் அவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

கோட்டையில் செங்கல் உதிர்ந்துகொண்டிருந்தது. பீரங்கி வைக்கும் ஓட்டை வழியே பார்த்தாள். உப்பங்கழி, ஒற்றைக்காலில் தூங்கும் பறவைகள், அதற்கப்பால் கடல். கோடு இல்லை. புரண்டு புரண்டு வந்து மோதியது. இரண்டு கையையும் சுவரில் ஊன்றிக்கொண்டு, போதும் என்று தோன்றுகிறவரை பார்த்தாள்.

திரும்பி வந்தபோது மரத்தடி முழுக்கச் சோறு. நாய்கள் தயிரை நக்கிக்கொண்டிருந்தன.

"பாத்தியா? எல்லாம் உன்னாலதான்!"

"அதுங்களுக்கும் ஞாயித்துக்கிழமதான சார்."

ஹேமாவதி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

"சார், குப்பையப் பொறுக்கினு போங்க!" காவலர் வாசலிலிருந்து கத்தினார்.

பழக்கத்தில் கிளியம்மாளின் கை கீழே போனது. அதை இழுத்து முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். வேனில் ஏறிக் கடல் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெளியே வைத்தீஸ்வரன் ஒவ்வொரு கவராகப் பொறுக்கத் தொடங்கியிருந்தார்.