பொம்பிளைக் கார்

பாலசிங்கம் முதலில் துடைப்பது காரின் பின்பக்கத்து இரண்டு சிறகுகளைத்தான். சனிக்கிழமை விடிந்தால், புலம்பெயர்ந்து வந்த அட்லிஸ்வில் ஊரின் வாடகைக் கராஜுக்குள் பழைய வேட்டித் துண்டோடு நுழைந்துவிடுவார். பக்கத்துக் கராஜ்காரர் கதை கொடுத்தால் ஒரு தலையாட்டலோடு சரி. கல்யாணத்துக்கு வந்த பெடியள் செல்ஃபி எடுக்கக் காரில் சாய்ந்தால்தான் வாய் திறக்கும்: "சாயாதேங்கோ தம்பி. அறுபது தாண்டின மனிசி."

கிழமை நாட்களில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டுக் கழுவுகிறவர், சனி ஞாயிறில் கறுப்புக் கோட்டு மாட்டி, ஐம்பத்தொன்பதாம் ஆண்டு வெள்ளைக் கடிலாக் காரில் ஊரார் வீட்டு மணமக்களை ஏற்றி இறக்குகிறார். மழை தூறினாலும் கூரையை மூட மனம் வராது. "மூடினால் பொம்பிளையை ஆர் பாக்கிறது?" என்பார். பெண்ணை அல்ல, தன்னைத்தான் பார்க்கவேண்டும் மனிதருக்கு என்பது மனைவி சிவகலாவின் கட்சி.

காரை வாங்கியதே மகள் ஹரிஷாவின் சாமத்தியவீட்டுக்கு. பெரியபிள்ளையானவளுக்குச் சேலை கட்டி, நகை பூட்டி, கூரையைத் திறந்து, அவள் படிக்கும் பள்ளிக்கூடத் தெருவால் ஆமை வேகத்தில் ஓட்டினார். பஸ்ஸுக்கு நின்ற வகுப்புப் பிள்ளைகள் கைதட்டினார்கள். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. திங்கட்கிழமை, எதற்கு அந்த ஊர்வலம் என்று வகுப்புப் பையன்கள் கேட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்னவென்று சொல்லும்? அதன்பிறகு அவள் அந்தக் காரில் ஏறவே இல்லை. "ஊரே பொறாமைப்பட்டது, இவளுக்கென்ன வெக்கம்?" என்று இன்றைக்கும் கேட்கிறார். கொஞ்சமும் விளங்காத மனிதர்.

போன சனிக்கிழமை ஃப்ரிபூர்க்கில் ஹரிஷாவின் கல்யாண எழுத்து. "நீங்கள் வாங்கோ அப்பா. கார் வேண்டாம்" என்று முன்கூட்டியே போனில் சொன்னாள்.

"கார் வராத இடத்துக்கு நானும் வரேல்லை."

கெஞ்சுவாள் என்று நினைத்திருந்தார். அவள் "சரி" என்று வைத்துவிட்டாள். அந்தக் கோபத்தோடேயே அதே நாளுக்கு வேறொரு கல்யாணத்தை ஒப்புக்கொண்டார். சிவகலா தனியே ரயிலேறிப் போனாள்.

மகள் அங்கே கையெழுத்து வைத்துக்கொண்டிருந்த நேரம், இங்கே கோயில் வாசலில் கார் நின்றது. கதவைத் திறந்தார். யாரோ பெற்ற பெண் இறங்கக் கை நீட்டினாள், பிடித்துக்கொண்டார். அவள் இரண்டு காலும் தரையில் ஊன்றி நின்ற பிறகு, மற்றக் கையையும் எடுத்து அவள் கைமேல் வைத்து மூடினார். பெண்ணின் தகப்பன் பக்கத்தில் வந்து காத்து நின்றார்.

"அங்கிள், நான் இறங்கிட்டன்" என்றாள் அவள் மெல்ல.

பாலசிங்கம் கையை விடவில்லை.