கவனிப்பு

செங்கல்பட்டுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்ற பட்டாபிராமன், பொருளை மாற்றி மொழிபெயர்த்த பையன்களைப் பெஞ்சு மேல் ஏற்றியவர். தொண்ணூற்றாறில், செய்யூர்ப் பக்கம் பம்பு ஆலை கட்ட வந்த ஜப்பானியர் நகமுராவுக்கு அவரே மொழிபெயர்ப்பாளர் ஆனார். ஆலை வந்தால் மருமகன் ஹரிசங்கருக்கும் அதில் வேலை உண்டு.

அனுமதி தரவேண்டிய அதிகாரி திருநாவுக்கரசு, பட்டாபிராமனிடம் படித்தவர்தான். "கொஞ்சம் கவனிக்கச் சொல்லுங்க சார்" என்றார்.

லஞ்சம் கேட்கிறார் என்று ஓர் அந்நியரிடம் சொல்ல பட்டாபிராமனுக்கு நாக்கு கூசியது. ஊர் மானம் என்று ஒன்று இருக்கிறதே. "இன்னும் கவனமாகச் செய்யச் சொல்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நகமுரா மகிழ்ந்துபோய், அடுத்த முறை இரண்டு மடங்கு வரைபடங்களோடு வந்தார். அதற்கடுத்த முறை பெட்டி நிறைய.

"இன்னா சார், உங்காளு பேப்பரா கொட்டிகினு கீறாரு. அதுக்கு இங்கிலீஷ்ல வார்த்தை இல்லியா? எங்களுக்கு நடத்துனீங்களே."

"அந்த வார்த்தை என் வாயில வராதுப்பா."

"அப்போ என் கையெழுத்தும் வராது சார்."

ஆலை வேறு மாநிலத்துக்குப் போனது. மாமல்லபுரத்து விடுதி வாசலில் நகமுரா விடைபெற்றார். "உங்கள் அதிகாரி எதிர்பார்த்த அளவுக்கு எங்களுக்குக் கவனம் போதவில்லை. மன்னியுங்கள்" என்று இடுப்பு வளையக் குனிந்தார்.

பட்டாபிராமன் அவரைவிடத் தாழக் குனிந்தார். நிமிர்ந்தால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.