கடைமடைப் பள்ளியில் மூன்று முறை கூப்பிட்டால்

தஞ்சாவூர் என்றால் பெரிய கோவில், கும்பகோணம் என்றால் டிகிரி காபி என்று எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் போனது அதற்கெல்லாம் இல்லை. பேராவூரணிக்கு அந்தப் பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற ஒரு கடைமடை ஊரின் நடுநிலைப் பள்ளிக்குப் போனேன். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. ஏன் என்று படித்தால் உங்களுக்கே தெரியும்.

என் பிழைப்பு இதுதான்: கம்ப்யூட்டரில் கட்டளைக் கட்டைகளை இழுத்து ஒட்டி, பிள்ளைகள் தாங்களே அசையும் படமும் விளையாட்டும் செய்கிற மென்பொருள்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றை வைத்து வகுப்பு நடத்துவது எப்படி என்று ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. திருச்சியில் என்னிடம் பயிற்சிக்கு வந்தவள் செல்வி டீச்சர். தை மாதக் கடைசியில் போன் பண்ணினாள். "அக்கா, பழைய லேப்டாப் உசிர விடப்போகுது. புதுசு வந்திருக்கு. பிள்ளைங்க செஞ்சதையெல்லாம் மாத்திக் குடுத்து, அப்படியே ரெண்டு நாள் கிளாஸும் எடுங்க." வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அறுவடை நேரத்தில் டெல்டாவைப் பார்த்து வெகு நாளாயிற்று.

காலை ஐந்தரைக்குத் தஞ்சாவூர் புதுப் பேருந்து நிலையத்தில் பட்டுக்கோட்டை பஸ் ஏறினேன். ஒன்றரை மணி நேரம். ஒரத்தநாடு வரை இரண்டு பக்கமும் அறுத்த வயல், சாலையிலேயே காயும் நெல், அதைச் சுற்றி வளைந்து வளைந்து போகிற பஸ். பட்டுக்கோட்டையில் பஸ் மாறினேன், அதைத் தாண்டினால் எல்லாம் தென்னை. பேராவூரணியில் இறங்கி இட்லி சாப்பிட்டேன். சட்னியில் தேங்காயைக் கஞ்சத்தனம் இல்லாமல் போடுகிற ஊர். அங்கிருந்து டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கடைசி ஆறு கிலோமீட்டருக்கு ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய். பேரம் பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை.

ஆட்டோக்காரர் நல்ல வாயாடி. நெல் விலையில் ஆரம்பித்து அவர் மைத்துனரின் சிங்கப்பூர் சம்பளம் வரை வந்துவிட்டார். "உங்க பேரு என்னங்க மேடம்?" என்று கேட்டவர், நான் வாயைத் திறப்பதற்குள் கையைத் தூக்கி, "இருங்க, அப்புறம் சொல்லுங்க" என்றார். பாட்டையும் நிறுத்தினார். ஒரு மதகைக் கடந்தோம். வாய்க்காலில் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். ஷட்டருக்குக் கீழே மட்டும் கறுப்பாகக் கொஞ்சம் தேங்கிக் கிடந்தது. இருநூறு அடி தள்ளிப் போன பிறகுதான் மறுபடி பேச்சு வந்தது.

"இந்த எடத்துல யார் பேரையும் சொல்ல மாட்டோம்ங்க. சின்னப் புள்ளையில கேள்விப்பட்டிருப்பீங்களே, பேரச் சொல்லி ஒருதரம் கூப்பிட்டா திரும்பக்கூடாது, மூணு தரம் கூப்பிட்டாத்தான் மனுசன்னு."

கேள்விப்பட்டிருக்கிறேன். என் அம்மா சொல்லாத நாள் இல்லை. நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. ஆனால் பயப்படுவேன். இரண்டும் வேறு வேறு.

பள்ளி அழகான பள்ளி. பின்பக்கம் வேலியைத் தாண்டினால் தென்னந்தோப்பு. எட்டாம் வகுப்பில் பத்தொன்பது பேர். செல்வி அந்தப் பழைய லேப்டாப்பைத் திறந்து, "எங்க வருகைப் பதிவப் பாருங்கக்கா" என்றாள். பிள்ளைகள் போன ஜூலையில் தாங்களே செய்தது. டீச்சர் ஒரு பெயரைக் கூப்பிட்டதும் கம்ப்யூட்டரில் இருக்கும் மைக் அந்தச் சத்தத்தைப் பிடிக்கும்; பெயர் அதற்குப் புரியாது, ஓங்கிய சத்தம் ஒவ்வொன்றுக்கும் வரிசைப்படி ஒரு பிள்ளை. உடனே அந்தப் பிள்ளை கையால் வரைந்த தன் உருவம் வாய்க்கால் கரையில் ஓடி வந்து, பதிவு செய்த அதன் சொந்தக் குரலில் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லும். ஒருவன் மாட்டின் மேல் வருகிறான். ஒருத்தி தலைகீழாக நடந்து வருகிறாள். அடடா, நான் சொல்லிக்கொடுத்ததை எனக்கே திருப்பிச் சொல்லிக்கொடுக்கிறார்களே என்று பூரித்துப்போனேன். பத்தொன்பதாவது ஆள் வந்து போனதும் செல்வி லேப்டாப்பை மூடினாள். பிள்ளைகள் மட்டும் மூடிய லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் நாள் வேலையாக, "உங்க ஊருக்குத் தண்ணி வர்ற அன்னைக்கு என்ன நடக்கும், அதை அசையும் படமாச் செய்ங்க" என்றேன். ஐந்து குழு. எந்தக் குழுவுக்கும் மற்றது தெரியாத மாதிரி தள்ளித் தள்ளி உட்கார வைத்தேன். நுரையும் சருகுமாகத் தண்ணீர் வருகிறது, ஜனங்கள் பூப்போடுகிறார்கள், நாய் குரைக்கிறது. பிரமாதம். ஆனால் ஐந்து படத்திலும் மதகு இருந்தது. ஐந்திலும் ஆட்கள் மதகுக்குக் கொஞ்சம் முன்னால் நின்று, காணாமல் போய், அந்தப் பக்கம் தோன்றினார்கள். கட்டளை தப்பு என்று நினைத்து ஒரு குழுவுக்குத் திருத்தப் போனேன். யாழினி என்கிற பெண், வகுப்பிலேயே கெட்டிக்காரி, என் கையிலிருந்து மவுஸை மெதுவாக வாங்கிக்கொண்டாள். "அப்படித்தான் மிஸ் வேணும்."

நாலு மணிக்குப் பிள்ளைகள் போய்விட்டார்கள். செல்வி ஹெச்.எம். அறையில் ஏதோ கையெழுத்துக்குப் போயிருந்தாள். நான் தனியாக உட்கார்ந்து, மாற்றுவதற்கு முன்னால் எல்லாக் குரலும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். பெயருக்கு ஒரு கைதட்டு. தட்டினால் ஒருவன் வருகிறான், உள்ளேன் டீச்சர். தட்டினால் இன்னொருத்தி. பத்தொன்பதும் வந்தாயிற்று. திரையில் வெறும் வாய்க்கால் கரை மட்டும் நின்றது. முடிந்தது என்று டீயை எடுத்தேன்.

பின்னால் தோப்பில் தேங்காய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு குலை விழுந்தது, தொம். கொஞ்சம் விட்டு இன்னொன்று, தொம். பிறகு ஒன்று.

"உள்ளேன் டீச்சர்."

டீ புடவையில் கொட்டியது. கரையில் யாரும் ஓடி வரவில்லை. குரல் மட்டும்தான். ஒரு பெண்பிள்ளையின் குரல், மூக்கடைத்த மாதிரி. அன்று முழுக்க அந்தப் பத்தொன்பது பேரோடு கத்திக் கத்தித் தொண்டை வறண்டவள் நான். அந்தக் குரல் அவர்களில் யாருடையதும் இல்லை.

முருகா முருகா என்று சொல்லிக்கொண்டேதான் நிரலைத் திறந்து பார்த்தேன். இருபதாவதாக ஓர் உருவம் இருந்தது. 'மறை' என்ற கட்டளை போட்டிருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. இரட்டைச் சடை, கையில் ஒரு அல்லிப்பூ, அடியில் தேன்மொழி என்று பெயர். மற்ற எல்லாரும் ஒரு சத்தத்துக்கே பதில் சொல்வார்கள். இவளுக்கு மட்டும் யாரோ தனியாக எண்ணிக்கை வைத்திருந்தார்கள். முதல் சத்தத்துக்குப் பேசாமல் இரு. இரண்டாவதுக்கும் பேசாமல் இரு. மூன்றாவதுக்குச் சொல்.

திரும்பி வந்த செல்வியிடம் போட்டுக் காட்டினேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தேன்மொழி ஆகஸ்டில் போய்விட்ட பிள்ளை. பள்ளி விட்டு வரும்போது நாலைந்து பேரும் மதகு மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். வாய்க்கால் நிறையத் தண்ணீர். அந்தக் கரையிலிருந்து யாரோ "தேனு" என்று ஒரே ஒருதரம் கூப்பிட்டார்கள். கூட இருந்த எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. "ந்தா வர்றேன்" என்று எழுந்து ஓடியிருக்கிறாள், கால் வழுக்கிவிட்டது. கூப்பிட்டது யார் என்று இன்று வரைக்கும் ஊரில் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. "அவளோட படத்த எடுத்துடுங்கடான்னு நான்தான்க்கா சொன்னேன். எடுத்துட்டோம்னு சொன்னாங்க" என்று செல்வி அழுதாள்.

அப்புறம் ஒன்று சொன்னாள். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. தேன்மொழியின் அம்மா வசந்தா, தேங்காய் உரிக்கும் களத்தில் வேலை செய்கிறவர். பள்ளி இருக்கிற பக்கமே வருவதில்லை. ஒருநாள் கடைத்தெருவில் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு, "போட்டோ இருக்கு டீச்சர். கொரலு இல்ல. எம் பொண்ணு கொரலு எனக்கு மறந்துக்கிட்டே வருது" என்றாராம்.

உலகத்தில் அந்தக் குரல் இருந்த ஒரே இடம், பாட்டரி உப்பிப்போன அந்த லேப்டாப். சொன்னால் நம்பமாட்டீர்கள், பென் டிரைவில் பாதி ஏறும்போது கரண்ட் போயிற்று, திரை கறுத்துவிட்டது. அன்று முழுக்க அது மறுபடி திறக்கவில்லை. செல்வி வீட்டில் எனக்காகச் சமைத்த மீன் குழம்பை இரண்டு பேரும் வாயில் வைக்கவில்லை. என்னால் போச்சே, நான் வராமல் இருந்திருந்தால் இன்னும் நாலு நாள் ஓடியிருக்குமே என்று புலம்பிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலை பாட்டரியைக் கழற்றிவிட்டு, நேராகக் கரண்டில் சொருகிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் மூச்சே இல்லை. அப்புறம் கரகரவென்று விசிறி ஓடியது. செல்வி வேண்டாத தெய்வம் இல்லை. மூன்று இடத்தில் நகல் எடுத்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

பிள்ளைகளைக் கேட்டோம். மறைத்தது எல்லாரும் சேர்ந்து. எண்ணிக்கை வைத்தது யாழினி. சாப்பாட்டு மணி அடித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு தினமும் கூப்பிடுவார்களாம். "அடிக்காதீங்க டீச்சர், அழிக்காதீங்க" என்று ஒருவன் அழவே ஆரம்பித்துவிட்டான். யாரும் அடிக்கவில்லை. செல்வி போனை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். கேட்டுத் தாங்காமல் அந்த அம்மா ஏதாவது பண்ணிக்கொண்டால்? சொல்லாமல் விட்டால் அது பாவம் இல்லையா? கடைசியில் ஆளனுப்பினோம்.

வசந்தா மத்தியானம் வந்தார். மதகு வழியாக இல்லை, தோப்பைச் சுற்றிக்கொண்டு. கையெல்லாம் தேங்காய் நார். பெஞ்சில் உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. புது லேப்டாப்பை அவர் முன்னால் வைத்தேன். பத்தொன்பது பேரையும் முன்னாலேயே கைதட்டி வரவைத்து முடித்திருந்தோம், திரையில் வெறும் வாய்க்கால் கரை. "பேரச் சொல்லிக் கூப்பிடுங்கம்மா" என்றாள் செல்வி.

அவர் எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து, "தேனு" என்றார்.

ஒன்றும் வரவில்லை. அவர் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை. இதற்கா கூப்பிட்டீர்கள் என்பது மாதிரி திரும்பினார்.

"அத்தை, மூணு தடவ கூப்பிடணும்" என்றாள் யாழினி.

"எதுக்குடி?"

"அன்னைக்கு ஒருதடவ கூப்பிட்டதுக்கே போயிட்டால்ல அத்தை. இனிமே போக மாட்டா. அவளுக்குச் சொல்லி வச்சிருக்கோம்."

பின்னால் தோப்பில் தேங்காய் வெட்டுவதை நிறுத்தியிருந்தார்கள். வசந்தா மறுபடி குனிந்து, "தேனு" என்றார். கரை காலியாகவே இருந்தது. மூன்றாவது தரத்துக்கு இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். பிறகு, வீட்டு வாசலில் நின்று தெருக்கோடியில் விளையாடுகிற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி ஒரே கத்தாகக் கத்தினார். "ஏ தேனூ!"

"உள்ளேன் டீச்சர்."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்னது இதுதான்: "அப்ப அவளுக்குச் சளி புடிச்சிருந்துச்சு."

போனில் ஏற்றித் தருகிறேன் என்று கெஞ்சினேன். வேண்டாம் என்றுவிட்டார். "கையில இருந்தா நான் கஞ்சி தண்ணி இல்லாம கூப்பிட்டுக்கிட்டே கெடப்பேன். அவ பள்ளிக்கூடத்துலயே இருக்கட்டும்." யாழினியின் தலையை ஒருமுறை தடவிவிட்டு, வந்த வழியே போனார்.

இதே மாதிரி பள்ளிகளுக்குப் போகிற ஆசிரியர்களுக்குச் சில வார்த்தை. முதல் பாடத்திலேயே பிள்ளைகளின் சொந்தக் குரலைப் பதிவு பண்ண வையுங்கள், ரெடிமேட் பொம்மைகளைக் கொடுக்காதீர்கள். ஒரு லேப்டாப்புக்கு இரண்டு பேருக்கு மேல் உட்கார வைத்தால் மூன்றாவது ஆள் ஜன்னலைத்தான் பார்ப்பான். அறுவடைக் காலத்தில் கரண்டை நம்பாதீர்கள், முதலில் நகல் எடுங்கள், அப்புறம் டீ குடியுங்கள். பிள்ளைகள் செய்ததில் தப்பு மாதிரி ஏதாவது தெரிந்தால், கை வைப்பதற்கு முன்னால் ஏன் என்று கேளுங்கள். பேராவூரணியிலிருந்து திரும்ப மாலையில் நிறைய பஸ் உண்டு. ஆட்டோவில் போனால் மதகு தாண்டும் வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். திரும்பி வரும்போது நானும் மூடிக்கொண்டுதான் வந்தேன்.

போன வாரம் செல்வி போன் பண்ணினாள். வசந்தா வெள்ளிக்கிழமை தோறும் களத்தில் வேலை முடிந்து பள்ளிக்கு வருகிறாராம். பிள்ளைகள் லேப்டாப்பில் அந்த வெறும் கரையை வரவைத்துவிட்டு வெளியே போய்விடுவார்களாம். உள்ளேயிருந்து "தேனு" என்று கேட்கும். கொஞ்சம் விட்டு, மறுபடி "தேனு" என்று கேட்கும். அத்தோடு எழுந்து வெளியே வந்துவிடுவாராம்.

மூணாவது தடவை கூப்பிடலையா என்று செல்வி கேட்டிருக்கிறாள்.

"அது இருக்கட்டும் டீச்சர்," என்றாராம், "அடுத்த வாரம் வரணும்ல."