இறக்கையில் இருந்த கரும்புள்ளி

எங்கள் தெருவில் பொங்கலுக்கு யாரும் அவரைக்காய் வாங்க மாட்டோம். போகிக்கு முந்தின நாளே பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்கா வீட்டுக்கு வீடு ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். எல்லாம் அவர் பந்தலில் காய்த்தது. அந்த வருஷம் தை முடிந்தால் அவர் வீட்டுக்காரருக்கு ரிடையர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.

"கடைசிப் பொங்கல் தம்பி. ஒரு வூடு வுடாம குடுத்துட்டுதான் சாவியக் குடுப்பேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

எனக்கு அப்போது ஈப் பைத்தியம். ஷிப்ட் முடிந்து வந்தால் செல்போனும் கையுமாகச் செடிகளுக்கு நடுவே குந்தியிருப்பேன். படம் எடுத்து, பூச்சிப் படம் போடுகிற ஒரு குழுவில் போட்டு, அங்கே சொல்கிற பெயரை மனப்பாடம் செய்வேன். "ஊர்ல வேலையில்லாதவன் ஈ ஓட்டுவான், நீ வேலைக்கும் போய்ட்டு வந்து ஈக்கு போட்டோ புடிக்கிற" என்பார் அக்காவின் வீட்டுக்காரர். ஆனாலும் செடிக்கு ஒன்று என்றால் தெருவே என்னைத்தான் கூப்பிடும். அந்தப் பெருமை எனக்கு வேண்டியிருந்தது.

மார்கழியில் ஒரு நாள் அக்கா வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிட்டார். அவரைப் பந்தலுக்குக் கீழே ஓடிய பரங்கிக் கொடியின் இலைகளில், மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட சின்ன ஈக்கள். நாலு படம் எடுத்து விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். இறக்கையில் கரும்புள்ளிகள்.

"காய் ஈக்கா இது. பிஞ்சுல முட்டை வச்சிடும், உள்ள புழுவா நெளியும். மருந்து அடிச்சிடுங்க."

"அப்படியா? ஒரே எடத்துல நின்னுக்கினே பறக்குது தம்பி, ஆணி அடிச்சு மாட்டுன மாதிரி. காய குத்துற ஈ அப்படி நிக்காதே."

"பறக்கறத வச்சு சொல்லக் கூடாதுக்கா. இறக்கையைப் பார்த்துதான் சொல்லணும்."

அதுவரை அந்தப் பந்தலில் மருந்து பட்டதே இல்லை. "பாத்து வச்சிருக்கறவன் நீ, நீ சொன்னா சரிதான்" என்று உடனே வீட்டுக்காரரைக் குள்ளஞ்சாவடி பூச்சிமருந்துக் கடைக்கு அனுப்பினார்.

'காய் ஈ' என்று நான் குழுவில் போட்டிருந்த படத்துக்குச் சாயங்காலம் ஒரு மேடம் பதில் போட்டிருந்தார். 'இறக்கையில் இருப்பது புள்ளி இல்லை, ஏதோ தூசி. இது காய் ஈயும் இல்லை. அந்தரத்தில் நின்று பறக்குமே, அந்தப் பூ ஈ. இதன் புழுதான் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்று செடியைக் காப்பாற்றும். விட்டுவிடுங்கள்.'

தூசி. கொடியில் காய்ந்த சட்டையைத் தினமும் உதறிவிட்டுப் போடுகிற நிலக்கரிச் சுரங்க ஊர்க்காரன் நான். ஈயின் இறக்கையில் விழுந்த கரித்தூள் எனக்குத் தெரியவில்லை.

அக்கா வீட்டில் டி.வி. ஓடுகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. எழுந்து போனால் பத்தடி தூரம்தான். காலையில்தானே பெரிய வாத்தியார் மாதிரி பேசினோம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் முதல் ஷிப்ட். மத்தியானம் திரும்பியபோது தெருமுனையிலேயே மருந்து வாடை அடித்தது; பரங்கியோடு அவரைப் பந்தலுக்கும் சேர்த்தே தெளித்திருந்தார்கள்.

பதினைந்து நாளில் அசுவினி மொய்த்துக்கொண்டது. பூவெல்லாம் பிசுபிசுத்துக் கறுத்துக் கொட்டியது. அக்கா ஈரத்துணியால் காம்பு காம்பாகத் துடைத்துக்கொண்டிருந்ததைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அப்போதும் சொல்லவில்லை.

போகிக்கு முந்தின நாள் கிண்ணத்தோடு வந்தார்.

"கடைக் காய்தான் தம்பி, தப்பா நெனச்சுக்காத. இத்தினி வருஷம் குடுத்துட்டு இந்த வருஷம் வெறுங்கையோட எப்படி வர்றது? என் கை ராசி அவ்ளோதான் போல. நீ மட்டும் அன்னிக்குச் சொல்லலன்னா பரங்கியும் போயிருக்கும்."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். பொங்கலன்று குழம்பில் அந்தக் காயைத் தின்றேன். தை கடைசியில் சாமான் வண்டி ஏறும்போதும் அக்கா தெருவில் எல்லோரிடமும் கை ராசியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மார்கழியில் மேடம் பதில் போட்ட சாயங்காலமே அதற்குக் கீழே 'தப்பாகச் சொல்லிவிட்டேன், திருத்தியதற்கு நன்றி மேடம்' என்று எழுதியிருந்தேன். முகம் தெரியாதவரிடம் அது எவ்வளவு சுலபமாக வந்தது.