பத்தாத அளவு

ஆளைப் பார்த்த மாத்திரத்தில் மார்பளவு சொல்லிவிடுவார் என்பதால் அந்தத் தையல்காரருக்கு ‘அளவுக்காரர்’ என்று பெயர். தன் அளவு மட்டும் தெரியாது என்பாள் அக்கா. அவள் வீட்டு முன்னறையில்தான் அவருக்கு மிஷினும் படுக்கையும். நிபந்தனை ஒன்றே ஒன்று: "ஆஸ்பத்திரியில உன் பேரை வெட்டினா, இங்கேயும் வெட்டியாச்சுன்னு வச்சுக்கோ."

இரண்டு மாதமாகத் தினமும் பத்து மணிக்கு ஆஸ்பத்திரி ஜன்னலில் நிற்கிறார். ஹெராயினுக்கு உடம்பு தவிக்காதிருக்க மெத்தடோன் மருந்தைச் சின்னக் கப்பில் தருவார்கள். குடித்ததும் நர்ஸிடம் நாலு வார்த்தை பேச வேண்டும். வாயில் அடக்கிக்கொண்டு போய் விற்கிற கெட்டிக்காரர்கள் உண்டே! பகலெல்லாம் பிரமாதம். விடியும்போதுதான் வினை. வியர்த்துக் கொட்டும், எலும்பு குடையும். பத்து மணி வரை பல்லைக் கடிக்க முடியாமல் வாரத்தில் இரண்டு நாளாவது பாலத்தடிக்கு ஓடி ஹெராயின் போட்டுக்கொள்வார். இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

அப்போது பார்த்து, செவ்வாய்க்கிழமை சிறுநீர்ப் பரிசோதனை என்றார்கள். மனுஷன் சட்டைக்குள் அக்குள் பக்கமாக ரகசியப் பை தைத்தார். அத்தானைக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு குட்டி பாட்டிலில் அவருடைய ‘சுத்தமான சரக்கு’ வாங்கி, காலை நடுக்கத்தோடு அதைப் பைக்குள் வைத்து, நழுவாமலிருக்க ஊசியால் நாலு தையல் போட்டார்.

ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் கையை விட்டால் பை திறக்கவில்லை. விரல் நுழைய இடம் விடாமல் வாய் முழுக்கத் தைத்திருக்கிறார்! அவர் தையல் லேசில் பிரியாது என்பது ஊரறிந்த விஷயம். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை. வெறும் கப்போடு போய் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"பேரை வெட்டிடுவீங்களா?"

"எதுக்கு? எப்பப்ப போடத் தோணுது?"

"விடியறப்ப மட்டும்தான்."

டாக்டரம்மா அவர் சீட்டைப் பார்த்தார். "ஆரம்பிச்ச அளவுலேயே நிக்குது. மறுநாள் வரைக்கும் தாங்கல. உங்களுக்கு மருந்து பத்தலை, அவ்வளவுதான். கொஞ்சம் கொஞ்சமா ஏத்தலாம். ஆனா இதுக்கு மேல அதையும் போட்டீங்கன்னா மூச்சே நின்னுடும். தப்பித்தவறிப் போட்டா ஒளிக்காம வந்து சொல்லுங்க."

அளவுக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். புத்தி பத்தலை, ரோஷம் பத்தலை என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். மருந்து பத்தலை என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. துணி பத்தாமல் சட்டை வராது என்பது அவருக்குத் தெரியாதா?

வீட்டில் சொன்னதும் அக்கா திட்டித் தீர்த்தாள், பேரை வெட்டவில்லை. நடுவில் ஒருநாள் சறுக்கினார், போய்ச் சொன்னார். அளவு இன்னும் கொஞ்சம் ஏறியது.

மாதம் ஒன்று போயிருக்கும். விடியும் நேரத்தில் மிஷின் சத்தம் கேட்டு அக்கா எழுந்து வந்தாள். முன்பெல்லாம் அவர் பாலத்தடிக்கு ஓடிய நேரம் அது.

"என்னடா, எங்கேயும் போகலையா?"

அவர் காலை மிதியிலிருந்து எடுக்கவில்லை.

"இல்லக்கா. பத்துது."