கண்ணாடிக்கு வெளியே நின்ற அக்கா

போன சித்திரை மாதம், சென்னை விமான நிலையத்தில் நடந்தது இது.

நான் துபாயில் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை செய்கிறேன். எங்களில் மூன்று பெண்களைப் பயிற்சிக்காக சிங்கப்பூர் அனுப்பினார்கள். சென்னை வழியாக டிக்கெட். காலையில் சென்னையில் இறங்கினால் ராத்திரிதான் அடுத்த விமானம். கூட வந்தவர்களில் ஒருத்தி கொச்சிக்காரி, இன்னொருத்தி புனேக்காரி. இருவரும் சென்னையைப் பார்த்ததில்லை. அந்த ஒரு பகலை வீணாக்கக் கூடாது என்று துபாயிலேயே திட்டம் போட்டுவிட்டோம். மயிலாப்பூர் கோயில், இலைச் சாப்பாடு, தி.நகரில் புடவை, கடைசியாக மெரினா.

எனக்குச் சொந்த ஊர் திண்டிவனம். அக்கா அங்கேதான் இருக்கிறாள். தினமும் ரயிலில் விழுப்புரம் போய் ஒரு ஜவுளிக் கடையில் நின்று வேலை பார்க்கிறாள். நாங்கள் நேரில் பார்த்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சென்னை வழியாகப் போகிறேன் என்று போனில் அவளிடம் பேச்சுவாக்கில் உளறிவிட்டேன்.

"பகல் பூரா இருக்கற இல்ல? வந்துட்டுப் போடி. திண்டிவனம் இன்னா அவ்ளோ தூரமா?" என்றாள்.

"இல்லக்கா, வேற நாட்டுக்குப் போறவங்கள வெளிய வுட மாட்டாங்க. உள்ளயே உக்காந்துக்கினு இருக்கணும்" என்றேன்.

யோசிக்கவே இல்லை, பொய் தானாக வந்தது. ஊருக்குப் போனால் போக வர அஞ்சு மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும், சொந்தக்காரர்கள் கூடிவிடுவார்கள், கல்யாணப் பேச்சு ஆரம்பிக்கும். அன்றைக்கு எனக்கு ஊர் சுற்ற வேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

திட்டம் போட்டபடி எல்லாம் நடந்தது. புடவை எடுத்தோம். கடற்கரையில் கால் நனைத்தோம். மாங்காய் பத்தை வாங்கித் தின்றுகொண்டே தோழியின் போனில் போட்டோ எடுத்துக்கொண்டோம். துபாய் சிம்முக்கு இங்கே காசு நிறையப் பிடிக்கும் என்பதால் வெளியே வந்ததும் என் போனை அணைத்துப் பைக்குள் போட்டிருந்தேன்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு டாக்சியில் திரும்பினோம். கையில் ஜவுளிக் கடைப் பைகளோடு இறங்கி நிமிர்ந்தால், புறப்பாட்டு வாசலுக்குப் பக்கத்தில், கண்ணாடியில் முகத்தை ஒட்டி, இரண்டு கையாலும் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெண் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நீலப் புடவை அக்கா கடையில் வேலை செய்பவர்கள் கட்டுவது.

அப்படியே டாக்சியில் திரும்ப ஏறிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அதற்குள் அக்கா திரும்பிவிட்டாள்.

"ஏய்! வெளிய வுட்டுட்டாங்களாடி?" என்று முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தாள். "கடைல அரை நாள் சொல்லிட்டு மதியமே கெளம்பிட்டேன். தாம்பரத்துல மாறி திரிசூலத்துல எறங்கினேன். கண்ணாடி வழியா ஒரு தடவ உன் மூஞ்சியப் பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன். போன் போட்டா போவவே இல்ல. போலீஸ்காரரு கிட்ட உன் போட்டோவக் காட்டிக் கேட்டுக்கினே இருந்தேன், ஒரே பேஜாராப் போச்சு."

நான் வாயைத் திறப்பதற்குள் கொச்சித் தோழி முந்திக்கொண்டாள். அவளுக்கு ஓரளவு தமிழ் வரும். "அக்காவா? இவ சொல்லவே இல்லையே! காலையிலேர்ந்து பீச், கோயில், ஷாப்பிங்னு சுத்தினோம். தெரிஞ்சிருந்தா உங்க வீட்டுக்கே வந்திருப்போமே!"

அவள் மனசில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

அக்கா என் கையிலிருந்த பைகளைப் பார்த்தாள். கடற்கரை மணல் ஒட்டியிருந்த என் செருப்பைப் பார்த்தாள். அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்ததை நான் பார்த்தேன். எங்கள் அக்கா சும்மா விடுகிறவள் இல்லை. சின்னத் தப்புக்கே தெருவில் வைத்துத் திட்டுவாள். இங்கேயே ஆரம்பிக்கப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான்தாம்மா வர வேணான்னு சொன்னேன்" என்றாள் தோழியிடம். "வூட்ல வெள்ளையடிச்சிக்கினு இருக்காங்க. ஒக்கார எடமில்ல. அதான் நீங்க மெட்ராச சுத்திப் பாருங்கடின்னேன்."

தன் பையைத் திறந்து, எங்கள் ஊரில் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலையை வேகவைத்துக் கொண்டுவந்ததை எடுத்தாள். வெயிலில் அத்தனை நேரம் இருந்ததில் கொஞ்சம் வழவழவென்று ஆகிவிட்டிருந்தது. தோழிகள் இருவரும் ஆசையாக உரித்துத் தின்றார்கள். நான் ஒன்றைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். அக்கா என் கன்னத்தைத் தொட்டு, "எளச்சிட்ட" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. "ஜல்தி உள்ள போ, நேரமாவுது. நானும் வண்டியப் புடிக்கணும்" என்று படியிறங்கிப் போய்விட்டாள். ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். பார்க்கவில்லை.

சிங்கப்பூர் போனதும் கூப்பிட்டேன். "அக்கா, அன்னிக்கி..." என்று தொடங்கினேன். "சாப்டியா?" என்று பேச்சை மாற்றிவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு மூன்று தடவை முயன்றேன், ஒவ்வொரு தடவையும் அப்படியே. இப்போதும் பேசுகிறோம், சிரிக்கிறோம். ஆனால் "எப்போ வர்றே?" என்று மட்டும் அவள் கேட்பதில்லை. நான் சொன்ன பொய்யை அவள் தன் தலையில் போட்டுக்கொண்டு, முன்பின் தெரியாதவர்கள் முன்னால் என் மானத்தைக் காப்பாற்றினாளே, அதற்குப் பதிலாக அங்கேயே என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.