ராட்சசி பாயசம் குடித்த அன்று

நாரை பார்க்க வந்தவர்களின் கார் எங்கள் உப்பளத்துச் சேற்றில் புதைந்து, டிராக்டர் கட்டி இழுத்தோமே, அந்த வருஷம். காருக்குள் இருந்த அம்மா கடைசிவரை இறங்கவே இல்லை. உள்ளேயே குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அது வேறு கதை. அதற்கு மறுவாரம்தான், என் மகள் முதன்முதலாகத் தன் பேரில் எடுத்த பாத்தியை மிதிக்க இறங்கினோம்.

மழை ஓய்ந்ததும் உப்புப் பாத்தியின் அடிச்சேற்றைக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். வரிசையாக நின்று மிதிப்போம். வெயில் உச்சிக்கு வருவதற்குள் முடிக்காவிட்டால் சேறு காய்ந்து வெடிக்கும். அப்புறம் விடுகிற தண்ணீர் கீழே இறங்கிவிடும், உப்பு அழுக்காகத்தான் வரும். அலுப்புத் தெரியாமல் இருக்க ஒருவர் கதை சொல்வார். கதை முடிந்தால் காலை வெளியே எடுத்துவிட வேண்டும். முடிந்த கதைமேல் மிதித்தால் பாத்தி விளங்காது என்று எங்களுக்கு ஒரு எண்ணம்.

கதை சொல்வது என் மச்சான். ஏழு பிள்ளைகளை ராட்சசி தின்ற கதை. மூத்ததை உலக்கையால் இடிப்பாள், நாங்கள் குதிகாலால் இடிப்போம். அடுத்ததை அம்மியில் அரைப்பாள், நாங்கள் பாதத்தைத் திருப்பித் திருப்பி அரைப்போம். இன்னொன்றை மாவாகப் பிசைவாள், அது விரல் வேலை. ஏழும் உள்ளே போகும்போது பாத்தி தட்டு மாதிரி இருக்கும். கடைக்குட்டியை என்ன செய்தாள் என்று இப்போது சொன்னால் உங்களுக்குச் சோறு இறங்காது.

அந்த வருஷம் என் மகள் மச்சானிடம் போய் நின்றாள். அவள் பெண்குழந்தை எங்கேயோ இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, அம்மியைப் பார்த்தாலே அழுதுகொண்டிருந்தது.

"மாமா, இந்தத் தபா ராட்சசிய திருத்திடுங்க. போன்ல கார்ட்டூன்ல அப்டித்தான் காட்டுறாங்க. புள்ள பாயசம் குடுக்குது, அவ அழுவுறா, எல்லாம் ஃப்ரெண்டாயிட்றாங்க."

"அவ புருஷனாலயே முடியாதத என்னாண்ட குடுக்கற. சரி, திருத்திடறேன்" என்றார் மச்சான்.

இறங்கினோம். ராட்சசி கதவைத் தட்டினாள். மூத்த பிள்ளை பாயசம் கொடுத்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். அவ்வளவுதான். கால்வாசிப் பாத்திகூட ஆகவில்லை. எல்லாரும் காலை உருவிக்கொண்டு வரப்பில் ஏறி டீ கேட்டார்கள்.

"ஏம்மா, யாருமே சாவல. அப்புறம் எதுக்கு மிதிக்கறது?" என்றாள் அனுமந்தையிலிருந்து வேலைக்கு வந்த கிழவி.

"வேற கதை சொல்லுங்க மாமா!"

"ஒரு பாத்திக்கு ஒரு கதைதாம்மா. திருத்தச் சொன்ன, திருத்திட்டேன். நல்லவள வச்சிக்கினு இனிமே நான் என்னா பண்றது?"

வெயில் ஏறியது. பாத்தியின் ஓரம் வெளுக்க ஆரம்பித்தது. மகள் வரப்பில் உட்கார்ந்திருந்த குழந்தையைப் பார்த்தாள், பாத்தியைப் பார்த்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே சேற்றில் இறங்கினாள்.

"கதை முடியல! பாயசம் குடிச்சா, சரி. மறுநாள் காலைல பசிக்காதா?"

"அப்டி கேளு!" என்று கிழவி முதலில் இறங்கினாள். பின்னால் நாங்கள்.

மச்சானுடைய ராட்சசி சாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மகளுடைய ராட்சசி மூன்றாவதுக்கு மிளகாய் தடவினாள். மச்சானே நின்றுவிட்டார்.

"ஏம்மா, கொஞ்சம் பாத்து. பச்சப்புள்ளம்மா அது."

"பேசாம மிதிங்க மாமா. இன்னும் நாலு இருக்குது."

நான் பயந்துகொண்டே குழந்தையைத் திரும்பிப் பார்த்தேன். அது அழவில்லை. அம்மா சொல்கிற ராட்சசிக்கு என்ன பயம்? ஆறாவது பிள்ளை அம்மிக்கு வந்தபோது எழுந்து நின்று, "நல்லா அரைம்மா, எலும்பு தொண்டையில மாட்டிக்கும்" என்றது.

உச்சி வெயிலுக்கு முன்னால் பாத்தி முடிந்தது. அந்த வருஷம் அவள் வாரிய முதல் உப்பு வெள்ளை வெளேரென்று வந்தது.

வீட்டில் பிள்ளையைத் தூங்கவைக்கும்போது ராட்சசியை எப்படி வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் எங்கேயாவது பாத்தி மிதிக்க இறங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டால், ஏழும் உள்ளே போகிறவரை அவளுக்குப் பசி அடங்கக் கூடாது என்று மறக்காமல் சொல்லிவிடுங்கள்.